கோட்டைக்காரருக்கு வச்ச ரெண்டாவது தட்டு

போன மாசம் நம்ம ரூம் வேலைக்காரங்க சங்கத்துல டீ குடிச்சிக்கினு இருந்தப்போ, புதுசா கெஸ்ட் ஹவுஸ் வேலைக்குப் போற பொண்ணுங்க ஒரு விஷயம் சொல்லிச்சிங்க. இப்பல்லாம் ரூம்ல தங்கறவங்க மூஞ்சியே பாக்க முடியாதாம். சாவி வாசல்ல ஒரு டப்பாக்குள்ள இருக்குமாம், நம்பர் தட்டி அவங்களே எடுத்துக்குவாங்களாம். காபி வேணும்னா போன்ல எழுதுவாங்களாம். நாம ஆளு இல்லாத நேரமா பாத்து திருடனாட்டம் உள்ள போயி, பெருக்கித் தொடச்சி, வந்த சுவடே தெரியாம வெளிய வந்துடணுமாம். தங்கறவங்ககிட்ட குடும்ப விஷயம் பேசக் கூடாதுன்னு செவுத்துலயே ஒட்டி வச்சிருக்காங்களாம்.

அதுல ஒருத்தி கேட்டா, "ஆயா, நீ மட்டும் எப்டி வெள்ளக்காரங்ககிட்ட அவ்ளோ பேசனே? இன்னா பாஷையில பேசனே?"

நான் தமிழ்ல பேசுவேன், அவங்க அவங்க பாஷையில பேசுவாங்க, ரெண்டு பேருக்கும் ஒண்ணும் புரியாது, அதனால சண்டையே வந்ததில்லன்னு சொன்னேன். சிரிச்சாளுங்க. சிரிச்சிட்டு, சங்கத்து மலருக்கு எதுனா எழுதிக் குடுன்னு புடிச்சிக்கினாளுங்க. நான் மூணாங்கிளாஸ் வரைக்கும் போனவ, அதுலயும் பாதி நாள் மாடு மேய்க்கப் போயிட்டேன். போன்ல பேசனா அதுவே எழுத்தாயிடும்னு காட்டனாளுங்க. சரின்னு பேசறேன். தப்பு இருந்தா போனு மேல போட்டுடுங்க.

எங்க ஊரு அவலூர்பேட்ட பக்கம். மல்லாட்ட, அதான் வேர்க்கடல, போட்டு, மழையப் பாத்து, கெணத்தப் பாத்து, எதுலயும் தண்ணி காணோம்னு டவுனுக்கு வந்தவங்கதான் நானும் எங்க வீட்டுக்காரரும். மொதல்ல கோயில் பக்கத்துல ஒரு லாட்ஜ்ல வேலை. பௌர்ணமிக்கு மூணு பேருன்னு ரூம் எடுப்பாங்க, ஒரு பஸ்ஸே உள்ள படுத்திருக்கும். கிரிவலம் சுத்திட்டு வந்து புண்ணியத்த எடுத்துக்கினு போயிடுவாங்க, கால் சேறும் கட்டுச்சோத்து எலையும் நமக்கு. அங்க பிளீச்சிங் பவுடர் போடறதையும், மூக்கப் புடிக்காம மூச்சு வுடறதையும் கத்துக்கினேன். அவ்ளோதான் என் படிப்பு. அப்பறம் செங்கம் ரோட்டுல, ஆசிரமத்துக்குப் பின்னாடி தெருவுல ஒரு கெஸ்ட் ஹவுஸ்ல சேந்தவதான், முட்டி தேஞ்சி மாடி ஏற முடியாத வரைக்கும் அங்கயே இருந்தேன்.

அங்க மேனேஜரு ஜெகதாம்பாள் அம்மா. வேங்கிக்கால்ல வீடு. காலைல டவுன் பஸ்ல வந்து எறங்குவாங்க, பொடவ மடிப்பு ஒண்ணு கலைஞ்சிருக்காது. அந்தக் கூட்டத்துல நாம ஏறனா எறங்கறப்போ பொடவ இருந்தாலே பெரிசு. அவங்க சத்தமாப் பேசி நான் கேட்டதில்ல. கோவம் வந்தா சத்தம் இன்னும் கம்மியாவும். ரொம்பக் கோவம்னா ஒதடு மட்டும் ஆடும், நாமதான் கிட்டப் போயி காது குடுத்து திட்டு வாங்கிக்கணும். எல்லாரையும் பேரோட 'ம்மா' போட்டுத்தான் கூப்புடுவாங்க. என்னை கன்னிம்மான்னு.

ரூம் ரெடின்னு நாம போயி சொன்னா, வந்து செருப்ப வெளிய கழட்டிட்டு நேரா கட்டில்ல ஏறி மல்லாக்கப் படுப்பாங்க. மொத நாள் பாத்துட்டு, இன்னாடா இது, வேலைக்கு வந்ததும் தூங்குதே இந்தம்மான்னு நெனச்சேன். கண்ணத் தொறந்து மேலயே பாப்பாங்க. "பெருக்கறவ நின்னுக்கினு பாக்கறா, தங்கறவங்க படுத்துக்கினு பாக்கறாங்க. ரெண்டும் வேற வேற ரூம்மா"ன்னு சொல்வாங்க. மெய்தான். நான் பளபளன்னு தொடச்ச ரூம்ல, படுத்துப் பாத்தா ஃபேன் எறக்கை மேல அழுக்கு, டியூப் லைட்டுக்குப் பின்னால ஒட்டடை, மூலைல பல்லி முட்டை. அப்பறம் இந்தப் பக்கம் திரும்புவாங்க, மேஜைக்கு அடில தூசு தெரியும். அந்தப் பக்கம் திரும்புவாங்க, சுவிட்சுல கைக்கறை தெரியும். எழுந்து, தான் படுத்த எடத்தத் தானே தட்டி சரி பண்ணிட்டுப் போவாங்க. இப்ப இருக்கற பொண்ணுங்களுக்கு இத ஒண்ணுதான் நான் சொல்வேன். படுத்துப் பாருங்க. தூங்கிடாதீங்க.

இன்னொண்ணும் வச்சிருந்தாங்க. மூணு கேள்வி கேக்கக் கூடாது. ஏன் வந்தீங்க, எப்பப் போவீங்க, உங்க குடும்பம் எங்க. "இங்க வர்றவங்கள்ல பாதிப் பேரு இந்த மூணு கேள்விக்கு பயந்துதாம்மா ஓடி வர்றாங்க"ன்னு சொல்வாங்க. மொத ரெண்ட நான் கேட்டதில்ல. மூணாவதுதான் வாய்ல நிக்காது. புள்ளகுட்டி இன்னான்னு தெரியாம ஒரு ஆளுக்கு எப்டி காபி போடறது, சொல்லுங்க.

அப்டி நான் கேட்டு வாங்கனதுதான் கோட்டைக்காரர் கதை.

ஒசரமா, ஒல்லியா, மூக்கு கொஞ்சம் முன்னாடி வர்ற ஆளு. இங்கிலாந்துக்காரரு. வயசு எழுவதுக்கு மேல. மாடில மலை தெரியற மூல ரூம் எடுத்தாரு. ஒரு மாசம்னு வந்தவரு, போவாரு, திரும்பி வருவாரு, கடைசில நெஞ்சு வலி வந்து விமானத்துல ஏறக் கூடாதுன்னு டாக்டரு சொன்னதும் இங்கயே தங்கிட்டாரு. ஒரு வாத்தியார்கிட்ட தமிழ் வேற கத்துக்கினாரு. அதுவும் நாம பேசற தமிழ் இல்ல, ரேடியோல நியூஸ் படிக்கற தமிழு. "அம்மையாரே, இன்று தேநீர் சற்று வலிமையாக உள்ளது"ன்னு சொல்வாரு. டீ ஸ்ட்ராங்குன்னு சொல்றதுக்கு அவ்ளோ நீளம். அவர் பேரு ரோலண்டு. வம்சத்துப் பேரு ஒண்ணு உண்டு, அது என் வாய்ல நொழையாது. அதான் கோட்டைக்காரர்.

ஏன்னா அவருக்கு மெய்யாலுமே ஒரு கோட்டை இருந்துது. மேஜை மேல படம் வச்சிருந்தாரு. நம்ம செஞ்சிக் கோட்டையாட்டம் மலை மேல இல்ல, தரைல, சுத்தித் தண்ணி நிக்கற அகழியோட. யாரோ ராஜா சண்டைல ஜெயிச்சி இவங்க பாட்டனுக்குப் பாட்டனுக்கு எடத்தக் குடுத்தானாம். நம்ம வல்லாள ராஜா கோபுரம் கட்டனதுக்கும் முன்னாடியாம். அதுல ஒரு பாட்டன் தலைய இன்னொரு ராஜா வெட்டிப் போட்டுட்டு, அவன் புள்ளைக்கே கோட்டையத் திருப்பிக் குடுத்தானாம். எந்த மூஞ்ச வச்சிக்கினு வாங்கினாருன்னு கேட்டேன். "தலை உள்ள மூஞ்சி, அம்மையாரே"ன்னாரு. ஆளு லேசுப்பட்டவரு இல்ல.

கோட்டைன்னு சொன்னதும் எனக்குத் தோணுனது எல்லாம் நம்ம தொழில் கேள்விதான். எத்தினி ரூமு, யாரு பெருக்கறது, மாடிக்குத் தண்ணி எப்டிப் போவும், கக்கூஸ் எங்க. கக்கூஸ்னதும் அவரு மூஞ்சி மலந்துச்சி. செவுத்துக்கு வெளிய நீட்டிக்கினு கல்லுல ஒரு மாடம் கட்டி, அடில ஓட்ட வுட்டுடுவாங்களாம், அது நேரா அகழில வுழுமாம். அப்போ எதிரி எவனும் அகழியத் தாண்டி வராததுக்கு காரணம் உங்க வீரம் இல்லியே ஐயான்னு சொன்னேன். சிரிச்சி சிரிச்சி இருமல் வந்து, நான் முதுகு தட்டி வுட வேண்டியதாப் போச்சி.

அந்த வம்சத்துல எல்லாம் மூத்த புள்ளைக்குத்தான். கோட்டை, நெலம், பட்டம், எல்லாம். எளையவனுக்கு ஒண்ணும் கெடையாது. அவன் இன்னா பண்ணுவான்னு கேட்டா, சண்டைக்குப் போவான், இல்ல சாமியார் மடத்துக்குப் போவான்னாரு. நீங்க மூத்தவர்தான, நீங்க ஏன் மடத்துப் பக்கம் வந்தீங்கன்னு வாய் வரைக்கும் வந்துடுச்சி. அது மொதக் கேள்வி. முழுங்கிட்டேன்.

நானும் நம்ம ராஜா கதையச் சொன்னேன். வல்லாள ராஜாவுக்குப் புள்ள இல்ல, சாமியே புள்ளயா வந்துது, இன்னிக்கும் வருஷா வருஷம் மாசி மாசம் அருணாசலேஸ்வரரு பள்ளிகொண்டாப்பட்டுக்குப் போயி அந்த ராஜாவுக்குப் புள்ளையா நின்னு திதி குடுக்கறாருன்னு. அந்த மாசி ஆட்டோ புடிச்சிப் போயி கூட்டத்துல நின்னு பாத்துட்டு வந்தாரு. வந்து மேஜை மேல இருந்த சின்னப் பையன் போட்டோவ எடுத்துத் தொடச்சாரு. அப்பறம், "எனக்கு மகன் இருக்கிறான்"னாரு. ஒரே புள்ள. எட்மண்டு.

கேட்டேன், சொன்னாரு. கோட்டைக்கு கூரை போட முடியல, வரி கட்ட முடியல, ஒரு பக்கம் சரிஞ்சிடுச்சி. வித்துட்டாரு. வாங்கனவன் அத ஓட்டலாக்கி ரூம் வாடகைக்கு வுடறான். எனக்கு சிரிப்பு. அப்போ நீங்களும் நம்ம லைன்தான்னு சொன்னேன். அவரு சிரிக்கல. புள்ளைக்கு சின்ன வயசுலேந்து அது உனக்குத்தான்னு சொல்லிச் சொல்லி வளத்துட்டு, முப்பது வயசுல இல்லன்னு சொன்னா எப்டி இருக்கும். கையெழுத்துப் போட்ட அன்னிக்கு எட்மண்டு, அத்தினி பேரு கை மாத்திக் குடுத்தத உன் ஒரு கை கீழ போட்டுடுச்சின்னு சொல்லிட்டுப் போனவன்தானாம். அதே நாட்டுல கடலோரமா போட் ரிப்பேர் பண்ற எடத்துல இருக்கான். கல்யாணம் பண்ணிக்கல. அப்பன்கூட பேச்சு இல்ல. போன்ல சேதி அனுப்புவாரு, பதில் வராது. சாவறதுக்குள்ள அவன் ஒரு வாட்டி வந்து என்கூட உக்காந்து சாப்புடணும், அவ்ளோதான் வேணும்னாரு.

அதுக்குத்தான் அந்த ரெண்டாவது தட்டு.

ராத்திரி சாப்பாடு ரூமுக்கே எடுத்துக்கினு போவேன். ரெண்டு தட்டு வைக்கச் சொல்வாரு. எதிர்ல ஒரு நாற்காலி, தட்டு, ஸ்பூனு, தண்ணி கிளாசு. அவங்க வம்சத்து வழக்கமாம். பழைய காலத்துல ஒரு புள்ள சண்டைக்குப் போயி வரவே இல்ல, எல்லாரும் செத்துட்டான்னாங்க, அவங்க அம்மா மட்டும் தெனம் தட்டு வச்சிக்கினே இருந்தா, ஒரு நாள் வந்து உக்காந்துட்டான். அதுலேந்து வெளிய போன ஆளுக்கு தட்டு வைக்கறத நிறுத்தறதில்ல. ஒடம்பு கோட்டைக்குள்ள இருக்கற சர்ச்சுக்கு வந்து சேந்தாத்தான் தட்ட எடுப்பாங்களாம்.

பாத்துக்கினீங்களா. நம்ம ஊர்ல வராத ஆளுக்கு எல போட்டா அவன் செத்துட்டான்னு அர்த்தம். அவங்களுக்கு உயிரோட இருக்கான்னு அர்த்தம். இது எனக்குத் தெரியும், கேக்கக் கூடாதத கேட்டதால. அதனாலயே மேனேஜருகிட்ட சொல்லாம வாய மூடிக்கினேன். ஜெகதாம்பாள் அம்மா கேக்காத ஆளு. தெனம் ரெண்டாவது தட்டு போறதப் பாத்தாங்க, மேஜை மேல சின்ன வயசுப் பையன் போட்டோவப் பாத்தாங்க, அவங்களாவே ஒரு முடிவுக்கு வந்துட்டாங்க.

ஆடி மாசம் நான் கூழ் ஊத்த ஊருக்குப் போயிட்டேன். அமாவாசை அன்னிக்கு ஜெகதாம்பாள் அம்மா அவங்க கையாலயே வடை பாயசம் பண்ணி எடுத்துக்கினு வந்து, அவரு வெளிய போயிருந்த நேரமா பாத்து எதிர் நாற்காலிக்கு தலவாழை எலை போட்டு, எல்லாம் பரிமாறி, எட்மண்டு போட்டோவுக்கு சந்தனம் குங்குமம் வச்சி, சம்பங்கி மாலை போட்டு, ஊதுவத்தி ஏத்திட்டாங்க. புள்ளையப் பறிகொடுத்த மனுஷன், எடுத்துச் செய்ய ஆளில்ல, நாமளாவது செய்வோம்னு. அவ்ளோ நல்ல மனசு.

நான் திரும்பி வந்தா கோட்டைக்காரர் மூஞ்சி பூராச் சிரிப்பு. "அம்மையாரே, என் மகனுக்கு எவ்வளவு மரியாதை செய்திருக்கிறார்கள், பாருங்கள்"னு போட்டோவக் காட்டறாரு. கீழ ஓடி, அம்மா, அந்தப் புள்ள உயிரோட இருக்குதும்மான்னு சொன்னேன். அவங்க ஒதடு மட்டும் ஆடிச்சி. கிட்டப் போயி காது குடுத்தேன். என்னைத் திட்டல. "ஈஸ்வரா, ஈஸ்வரா"ன்னுதான் சொல்லிக்கினு இருந்தாங்க.

மேல போயி, பூ வாடிப் போச்சுங்கன்னு சொல்லி மாலைய எடுத்தாங்க. குங்குமத்தத் தொடச்சாங்க. கோயிலுக்குப் போயி அந்தப் புள்ள பேருல அர்ச்சனை பண்ணாங்க. அர்ச்சகரு நட்சத்திரம் கேட்டா இன்னா சொல்வாங்க, சாமி பேருக்கேன்னு சொல்லிட்டு வந்தாங்க. செத்துட்டாருன்னு தப்பா சேதி போனா அந்த ஆளுக்கு ஆயுசு கெட்டிம்மான்னு நான் தேத்தனேன். நாம எல்லாம் அப்டித்தான சொல்வோம்.

ஆனா நடந்தது வேற. அந்த மாலை போட்ட போட்டோவ கோட்டைக்காரர் போன்ல புள்ளைக்கு அனுப்பி இருந்தாரு. அத்தினி வருஷமா வராத பதில் வந்துது. யாரு எனக்குப் பூ வச்சதுன்னு ஒரு வரி. இவரு எழுதனாரு. அவன் எழுதனான். அப்பறம் ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம பேச ஆரம்பிச்சாங்க. ஒரு நாள் ஜெகதாம்பாள் அம்மாகிட்ட குடுங்கன்னு கேட்டு, பூவுக்கு தேங்க்ஸ் சொன்னான் எட்மண்டு. அவங்க பொடவத் தலைப்ப சரி பண்ணிக்கினுதான் போன வாங்கி காதுல வச்சாங்க.

தீபத்துக்கு வர்றேன்னு சொல்லிட்டான். டிக்கெட்டும் எடுத்துட்டான். தீபத்துக்கு நம்ம ஊர்ல ரூமுக்கு எப்டி அடிதடின்னு உங்களுக்குத் தெரியும். ஜெகதாம்பாள் அம்மா பக்கத்து ரூம யாருக்கும் குடுக்காம வச்சிருந்தாங்க. கோட்டைக்காரர் தெனம் அந்த ரூமுக்குப் போயி பாப்பாரு. புள்ள என்னை வுட ஒசரம், கட்டில் போதுமான்னு கேப்பாரு. கால மடக்கிக்கச் சொல்லுங்க, இல்ல செவுத்துல ஓட்ட போட்டுக் கால வெளிய நீட்டிக்கலாம், உங்க வழக்கம்தானன்னு சொன்னேன். அன்னிக்கெல்லாம் அவரு சிரிப்பு தெரு வரைக்கும் கேக்கும்.

அவன் கெளம்பறதுக்கு மொத நாள். நமக்கு மத்தியானம் சாஞ்ச நேரம். கீழ ஆபீஸ் போன் அடிச்சிது. ஜெகதாம்பாள் அம்மா எடுத்து இங்கிலீஷ்ல பேசனாங்க, ரெண்டு வார்த்தை, அப்பறம் பேசல. போன வச்சிட்டு மாடிப்படில உக்காந்தாங்க. அவங்க படில உக்காந்து நான் பாத்ததே இல்ல. எட்மண்டுகூட வேலை பாக்கறவன் பேசனானாம். காலைல வேலைக்கு வரலன்னு போயிப் பாத்திருக்கான். தூக்கத்துலயே மாரடைப்பு. பொட்டி கட்டி கதவாண்ட தயாரா இருந்துதாம்.

"உயிரோட இருந்த புள்ளைக்கு மாலை போட்ட கைம்மா இது. நான் எப்டி சொல்வேன், கன்னிம்மா"ன்னாங்க. இதய நோயாளி, எடுத்தவுடனே சொல்லக் கூடாது, டாக்டரு வந்து பக்கத்துல இருக்கட்டும், ஏழு மணிக்கு வர்றேன்னாரு, அதுவரைக்கும் மூச்சு வுடாதேன்னாங்க. சரின்னேன். அத்தினி வருஷத்துல வாய மூடிக்கினு இருக்கறது அன்னிக்குத்தான் எனக்கு வேலையாத் தெரிஞ்சிது.

அஞ்சு மணிக்கு கோட்டைக்காரர் ஆசிரமத்துலேந்து வந்தாரு. வந்ததும் புள்ள ரூமுக்குப் புதுப் படுக்கை விரிக்கச் சொன்னாரு. முடியாதுன்னு எப்டி சொல்றது. விரிச்சேன். அவரு கதவுல சாஞ்சிக்கினு பாக்கறாரு. தலகாணி ரெண்டு போதுமா, போர்வை வேணுமா, மலை பாக்கற மாதிரி கட்டில திருப்பிடலாமான்னு கேக்கறாரு. ரெண்டு பேருமா கட்டில இழுத்துத் திருப்பனோம். நான் ஒரு வார்த்தை தமாஷ் பேசல. அத அவரு கவனிச்சிருக்கணும்.

அப்பத்தான் ஜெகதாம்பாள் அம்மா வந்தாங்க. ரூம் ரெடின்னா வந்து பாக்கறதுதான அவங்க வழக்கம். வராம இருந்தா அவருக்கு சந்தேகம் வந்துடும்னு வந்தாங்க. செருப்பக் கழட்டனாங்க. கட்டில்ல ஏறி மல்லாக்கப் படுத்தாங்க. மேல பாத்தாங்க.

எழுந்துக்கல.

ஃபேனையே பாத்துக்கினு படுத்திருந்தாங்க. கண்ணு ரெண்டு பக்கமும் தண்ணி எறங்கி காதுக்குள்ள போவுது, தொடைக்கக் கூட கை வரல. புதுத் தலகாணி உறை நனைஞ்சிக்கினே இருக்கு. கோட்டைக்காரர் அவங்களப் பாத்தாரு, என்னைப் பாத்தாரு.

"அம்மையாரே, யார்?"னாரு.

"உங்க புள்ளதான், ஐயா."

கட்டில் ஓரத்துல, அவங்க கால்மாட்டுல உக்காந்தாரு. கத்தல, நெஞ்சப் புடிக்கல. ஜெகதாம்பாள் அம்மா எழுந்து கைய கூப்பிக்கினு, அந்த மாலை செத்தவங்களுக்குப் போடறது ஐயா, தெரியாம நான் உயிரோட இருந்த புள்ளைக்குப் போட்டுட்டேன்னு சொன்னாங்க. அன்னிக்குத்தான் அவங்க சத்தம் வெளிய வந்து நான் கேட்டேன்.

அவரு ரொம்ப மெதுவா, "எனக்குத் தெரியும்"னாரு. மாலைய எடுத்த மறுநாளே தமிழ் வாத்தியாரு சொல்லிட்டாராம். "நான் அவனிடமும் சொன்னேன். அவன் மிகவும் சிரித்தான். இறந்த பிறகு அப்பாவிடம் பேசுவது சுலபமாக இருக்கிறது என்றான்."

டாக்டரு வந்தப்போ மூணு பேரும் அந்த ரூம்லயே உக்காந்திருந்தோம்.

அங்கல்லாம் நம்மள மாதிரி ஒடம்ப உடனே எடுத்துட மாட்டாங்க. நாளு இழுத்துது. அதுவரைக்கும் நான் ரெண்டாவது தட்டு வச்சிக்கினேதான் இருந்தேன். ஒடம்பு இன்னும் வீடு சேரலியே. அந்த சில நாளு மட்டும் அவங்க வழக்கமும் நம்ம வழக்கமும் ஒண்ணாப் போச்சி. தட்டு அவங்களுக்கும் சரி, நமக்கும் சரி.

கோட்டை சர்ச்சுல அவங்க வம்சம் பூரா தரைக்கு அடில இருக்கு. விக்கும்போதும் அந்த உரிமைய மட்டும் எழுதி வாங்கி இருந்தாரு. ஆனா மிச்சம் இருந்தது ஒரே எடம். அது இவருக்கு. பட்டம் வந்த அன்னிக்கே கல்லுல பேர வெட்டிடுவாங்களாம், செத்த வருஷத்துக்கு மட்டும் எடம் வுட்டு. என் எடத்துல அவன வைங்கன்னு சொல்லிட்டாரு. பேர மாத்தி வெட்ட முடியாது, பழைய கட்டடம், சட்டம் வுடாதுன்னாங்க. அதனால புள்ள அப்பன் பேருக்கு அடில படுத்திருக்கு. அப்பன் நம்ம ஊரு சர்ச் கல்லறைல இருக்காரு. மறு வருஷம் வெயில் காலத்துல போயிட்டாரு. எடம் கேக்கறப்போ ஃபாதரு உறவு இன்னான்னு கேட்டாரு, எங்க ரூம்ல இருந்தவருன்னு சொன்னாங்க ஜெகதாம்பாள் அம்மா. அந்த உறவு போதும்னு ஃபாதரும் வுட்டுட்டாரு.

எட்மண்ட அடக்கம் பண்ணத போன்லதான் பாத்தோம். நமக்கு சாயங்காலம், அங்க காலைல. கூட வேலை பாத்தவன் போனப் புடிச்சிக்கினு நடந்தான். நான் நெனச்ச அளவுக்கு கோட்டை பெரிசில்ல. நம்ம கோயில் ஒரு கோபுரத்துக்குள்ள அடங்கிடும். இவ்ளோதானா ஐயான்னு கேக்கலாம்னு பாத்தா, அவரு மூஞ்சியப் பாத்துட்டு வுட்டுட்டேன். பெரிய வாசல்ல ஒரு கல்யாண பார்ட்டி வந்து எறங்குதாம், பூவெல்லாம் கட்டி இருந்துது. அதனால சவப்பொட்டிய பின்னால, சரக்கு வண்டி வர்ற வழியா கொண்டு போனாங்க. எங்க வம்சத்துல யாரும் அந்த வழியா போனதில்லன்னு போன்லயே ஓட்டல்காரன்கிட்ட கேட்டுப் பாத்தாரு. மன்னிச்சிக்குங்க சார்னு மரியாதையாத்தான் சொன்னான். மரியாதையா சொன்னா எல்லாம் முடிஞ்சி போச்சின்னு அர்த்தம்.

அந்தப் பின்வாசல்ல அழுக்குத் துணி வண்டிய தள்ளிக்கினு ரெண்டு பொம்பளைங்க நின்னாங்க. ரூம் வேலை பாக்கறவங்க. பொட்டி வர்றதப் பாத்து வண்டிய ஓரமா ஒதுக்கிட்டு, கைல இருந்த பெட்ஷீட்ட கீழ போடாம நெஞ்சோட அணைச்சிக்கினு தல குனிஞ்சி நின்னாங்க. யாரு, இன்னான்னு அவங்களுக்குத் தெரியாது. நான் அந்த ஊர்ல பொறந்திருந்தா அந்த வாசல்லதான் நின்னிருப்பேன்.

கல்ல மூடனதும் போன அணைச்சாரு. அன்னிக்கு ராத்திரி ஒரு தட்டு கொண்டு வந்தா போதும்னாரு.

அதோட முடிஞ்சிதுன்னு பாத்தா, ஒரு மாசம் போயி எட்மண்டு பொட்டி வந்துது. கட்டி கதவாண்ட வச்சிருந்தான் இல்ல, அதே பொட்டி. அந்த கூட வேலை பாத்தவன் அனுப்பி இருந்தான். கோட்டைக்காரர் அத தொடல. ரெண்டு நாள் அந்த ரூம்ல, திருப்பிப் போட்ட கட்டில் மேலயே இருந்துது. அப்பறம் என்னைக் கூப்புட்டு, "தாங்கள் திறவுங்கள்"னாரு.

நான் எத்தினி பொட்டிங்கள பாத்தவ. மூடியத் தொறந்தா தெரியும், இந்த ஆளு எத்தினி நாள் இருக்க வந்தான்னு. இருக்க வர்றவன் பொட்டில துண்டு இருக்கும், தையல் ஊசி இருக்கும், ரப்பர் செருப்பு இருக்கும், மாத்திரை அட்டை அட்டையா இருக்கும். போவ வந்தவன் பொட்டில, திரும்பிப் போயி எறங்கறப்போ போடற கம்பளி கோட்டு மேலாப்புல இருக்கும்.

தொறந்தேன். கம்பளி கோட்டு மேலாப்புல இருந்துது.

அதுக்கு அடில ரெண்டு சட்ட. ரெண்டு பேண்ட்டு. ஷேவிங் சாமான். அவ்ளோதான். வெயில் ஊர்னு புதுசா வாங்குன பருத்திச் சட்ட, அட்டையக் கூட பிரிக்கல. நாலு நாளு, மிஞ்சிப் போனா அஞ்சு நாளு.

அவரு ஜன்னல் பக்கம் திரும்பி மலையப் பாத்துக்கினு நின்னாரு. பொட்டியப் பாக்கல. பாக்காமலே கேட்டாரு.

"அம்மையாரே, அவன் எவ்வளவு காலம் தங்க எண்ணியிருந்தான்?"

"இது நாலு நாள் பொட்டி இல்லீங்க ஐயா. இருக்க வந்த பொட்டி"ன்னேன். "துணி நெறைய கீது. தீபம் முடிஞ்சி, பொங்கல் முடிஞ்சிதான் போறதா நெனப்பு போல. போறாப்லயே தெரியல."

அவரு தலைய ஆட்டனாரு. ஆட்டிக்கினே இருந்தாரு. அப்பறம், துணிய எடுத்து அலமாரில வையுங்க, அவன் வந்து தங்கனா எப்டி வைப்பீங்களோ அப்டி வையுங்கன்னு சொல்லிட்டு வெளிய போயி வராண்டால உக்காந்துக்கினாரு.

இஸ்திரி போட்டேன். கம்பளி கோட்ட பொட்டிக்குள்ளயே வச்சி கட்டிலுக்கு அடில தள்ளிட்டேன். சாயங்காலம் வந்து அலமாரியத் தொறந்து பாத்தாரு. நிறைவா இருக்குன்னாரு.

புது பொண்ணுங்க என்னை அது எப்டி, இது எப்டின்னு கேக்கறீங்க. பாத்ரூம் கறைக்கு இன்னா போடறது, கொசுவலைய எப்டி மடிக்கறது, எல்லாம் உங்க மேனேஜருங்களே சொல்லிக் குடுப்பாங்க. ரெண்டு சட்ட, ரெண்டு பேண்ட்ட ஒரு பெரிய அலமாரி பூரா வர்ற மாதிரி எப்டி தள்ளித் தள்ளி மாட்டறதுன்னு மட்டும் யாரும் சொல்லிக் குடுக்க மாட்டாங்க. அத என்கிட்ட வந்து கேளுங்க.